பூட்டிய ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்த பெட்டி

கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் ஓடுகிற கெர்னலை எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வருகிற எல்லோருக்கும் ஒரே பயம்தான்: நாம் எழுதியதில் தப்பு இருந்தால் மெஷின் மொத்தமாகப் படுத்துவிடுமே என்று. படுக்கட்டும். படுக்கிற மெஷின் யோக்கியமான மெஷின். எந்த வரியில் உயிர் போனது என்று திரை நிறைய எழுதிவைத்துவிட்டுத்தான் போகும். என் பயமெல்லாம் வேறு. உயிரோடு இருக்கும், பச்சை விளக்கு எரியும், கேட்டால் பதில் சொல்லும், பார்க்க வேண்டிய வேலையை மட்டும் பார்க்காது. அந்த ரகம்தான் ஆளைக் கொல்லும். அப்படி ஒரு பெட்டியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இடையில் அறிவுரை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரிட்டையர் ஆனவளுக்கு வேறு என்ன வேலை?

பெங்களூரில் பல வருஷம் கெர்னலோடு மாரடித்துவிட்டு, என் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போனபோது விருதுநகருக்குத் திரும்பினேன். அவருக்கு மல்லி, வத்தல் மண்டி. கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் சாப்பிடும்போது என் வேலையில் வந்த சிக்கலைச் சொன்னால், பக்கத்துக் கடைச் சண்டையைக் கேட்பதுபோல உட்கார்ந்து கேட்பார். "சரி, அப்புறம் அந்தப் பய என்ன செஞ்சான்?" என்பார். அந்தப் பய ஒரு பாயின்டர், நினைவகத்தில் ஓர் இடத்தின் வெறும் முகவரி. அவர் போன பிறகு மாடி அறையில் நானும் ஒரு திரையும்தான். சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு மேலே மாடியில் இயங்கிய சின்னக் கம்பெனி, எங்கள் பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்துத் திருத்தித் தர முடியுமா என்று கேட்டது. சம்பளம் என்ன என்றுகூடக் கேட்காமல் சரி என்றேன். பேச ஆள் கிடைக்கும் என்ற ஆசைதான். பகல் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் பால்காரரிடம் பேசும்போது குரல் கரகரவென்று வரும். எனக்கே அது யாரோ பேசுவதுபோல இருக்கும்.

அந்தக் கம்பெனியில் பாண்டீஸ்வரி என்று ஒரு பெண். காலேஜ் முடித்து முதல் வேலை. அவள் அம்மா ஒரு பட்டாசு ஆலையில் காகிதக் குழாயில் மருந்து அடைக்கிறவர். மகள் எழுதிய முதல் கெர்னல் மாட்யூல் போய் உட்கார்ந்ததும் அதே ஆலையில், ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான். எங்கள் கம்பெனிக்குக் கிடைத்த முதல் ஆர்டர் அது.

பெட்டியின் வேலை சுலபம். ஆலையில் ஷெட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கும், ஒவ்வொன்றிலும் நாலு பேர். ஒவ்வொரு ஷெட்டின் வெளிச்சுவரிலும் சூட்டை அளக்கும் கருவி ஒன்று. ஆபீஸ் அறையில் இருக்கும் பெட்டி வரிசையாக ஒவ்வொரு ஷெட்டின் சூட்டையும் படித்துக்கொண்டே வரும். கடைசியைப் படித்ததும் மறுபடி முதலிலிருந்து. எங்காவது சூடு எல்லை தாண்டினால் சங்கு ஊதும், உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். போர்மேன் ஒரு ஷெட்டைப் பூட்டினால், அதற்கு உரிய சுவிட்சை ஆபீஸில் வந்து அணைப்பார். உடனே பெட்டி அந்த ஷெட்டை வரிசையிலிருந்து எடுத்துவிடும். ஆளில்லாத ஷெட்டுக்குச் சங்கு எதற்கு? திறக்கும்போது சுவிட்சைப் போட்டால் மறுபடி வரிசையில் சேர்ந்துகொள்ளும். பாண்டீஸ்வரி இந்த வரிசையை ஒரு லிங்க்டு லிஸ்டாக எழுதியிருந்தாள். ஷெட்டுக்கு ஒரு கண்ணி. ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்த கண்ணி எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

சீசன் மும்முரமாக இருந்தபோது ஒருநாள் மத்தியானம், இரண்டாம் ஷெட்டில் இருந்த பெண்கள் சுவர் தகிக்கிறது என்று வெளியே வந்து சொன்னார்கள். போர்மேன் கையை வைத்துப் பார்த்துவிட்டு உடனே ஷெட்டைக் காலிசெய்தார். சங்கு ஊதவே இல்லை. பெட்டி பச்சை விளக்கோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கருவிதான் கெட்டுவிட்டது என்று கருவியை மாற்றினார்கள். மறுநாள் பார்த்தால் பெட்டி எல்லா ஷெட்டையும் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தது. டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் இறங்கிய கதை. ஆலை முதலாளி வளவளவென்று பேசுகிறவர் இல்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் பெட்டியும் வேண்டாம், அதை மாட்டின பிள்ளையும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் போனால் கம்பெனியும் அவளை வைத்துக்கொள்ளாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பதறிப்போய் எனக்கு ஃபோன் செய்தாள். புரோகிராமை அனுப்பட்டுமா என்றாள். வேண்டாம், பெட்டி அன்றைக்கு என்னென்ன படித்தது என்ற லாக் ஃபைலை அனுப்பு என்றேன். இதை மனசில் வையுங்கள். தப்பு நடந்ததும் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு, நாம் எழுதியதை நாமே படித்து, 'சரியாகத்தானே இருக்கு' என்று தலையாட்டுவது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. நடந்தது என்ன என்று பார்த்துவிட்டு எழுதியதற்குப் போங்கள்.

லாக் ஃபைலில் ஷெட் எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடிக்கொண்டிருந்தன. காலையில் ஓர் இடத்தில் ஏழு வந்தது. அடுத்ததும் ஏழு. அதற்கு அடுத்ததும் ஏழு. பக்கம் பக்கமாக ஏழு. மறுநாள் காலையில்தான், ஒன்றுமே நடக்காததுபோல, மறுபடி வரிசையாக ஓட ஆரம்பித்திருந்தது. ஏழில் மாட்டிக்கொண்ட அன்று காலை அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். மேகம் கூடியது என்றாள்.

பட்டாசு ஆலையில் இடி இடிக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை. வானம் ஒரு பக்கம் கறுத்தாலே போர்மேன் விசில் அடிப்பார். கையில் இருப்பதை வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வர வேண்டும். ஓடக் கூடாது, நடந்துதான் வர வேண்டும். எல்லா ஷெட்டையும் பூட்டிவிட்டு ஆபீஸுக்கு வந்து சுவிட்சுகளைப் படபடவென்று அணைப்பார். மேகம் கலைந்ததும் திறப்பார். அன்றைக்கு ஏழாம் ஷெட்டை மட்டும் திறக்கவில்லை. அங்கே இருந்தவர்களில் இரண்டு பேர், இனி மழைதான் என்று நினைத்து வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள்.

இப்போது புரோகிராமைத் திறந்தேன். ஷெட்டை வரிசையிலிருந்து எடுக்கும் இடத்தில், கண்ணியைக் கழற்றியதும் அதை அழித்திருக்கலாம். அவள் அழிக்கவில்லை. கழற்றிய கண்ணியில் 'அடுத்தது' என்ற இடத்தில் அதன் சொந்த முகவரியையே எழுதி, பத்திரமாக வைத்திருந்தாள். ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன்.

"நாளைக்குத் திரும்ப வருவாகல்ல மேடம். ஷெட்டை அழிக்க மனசு வரலை."

நம்மைப் போன்றவர்களுக்கு அது நினைவகத்தில் ஓர் இடம், அழித்தால் அழிந்தது. அந்தப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஷெட் அழிவது என்றால் அர்த்தமே வேறு. அப்படிச் செய்வது தப்பும் இல்லை; கெர்னலே அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தப்பு எங்கே என்றால், பெட்டி ஏழாம் ஷெட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போர்மேன் ஏழை அணைத்துவிட்டார். படித்து முடித்த பெட்டி ஏழிடம், அடுத்தது யார் என்று கேட்கிறது. நான்தான் என்கிறது ஏழு. படிக்கிறது, மறுபடி கேட்கிறது, நான்தான். ஆட்கள் இருக்கிற ஷெட்டையெல்லாம் விட்டுவிட்டு, பூட்டிக் கிடக்கிற ஒரு ஷெட்டையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. மறுநாள் ஏழைத் திறந்து சுவிட்சைப் போட்டதும் அந்தக் கண்ணி மறுபடி வரிசையில் சேர, பெட்டியும் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

சாதாரணமாகப் புரோகிராமில் இப்படி ஒரு பூச்சி பிடிபட்டால் எனக்குக் குஷி தாங்காது. அன்றைக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் படுத்திருந்த அறையை நான் பூட்டித்தான் வைத்திருந்தேன். ஒரு வேலையும் இல்லாமல், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை திறந்து பார்த்துவிட்டுப் பூட்டுவேன். அக்கம்பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து என்று கூப்பிட்டார்கள், எதற்கும் போகவில்லை. திரையில் ஏழு ஏழு என்று ஓடியதைப் பார்த்தபோது அழுகை வந்தது. அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

இதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்துச் சொல்கிறேன், கை வைக்காதே என்று பாண்டீஸ்வரியிடம் சொல்லியிருந்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் இருக்கிறவளுக்குப் பொறுமை எங்கே இருக்கும்? நெட்டில் தேடியிருக்கிறாள். லிஸ்டில் நடக்கும்போது கண்ணி கழன்றால் என்ன செய்வது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பேரில் 'சேஃப்' என்று இருக்கிற மேக்ரோவை, அந்த ரெடிமேட் துண்டுப் புரோகிராமைப் போடு. அது அடுத்த கண்ணியை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளும். நிற்கிற கண்ணி கழன்றாலும் குறித்துவைத்ததற்குத் தாவிவிடலாம். அதைப் போட்டு, ஒரு சுவிட்சை அணைத்துப் பார்த்திருக்கிறாள். அழகாக ஓடியிருக்கிறது. காலையிலேயே ஆலைக்குப் போய் பெட்டியில் ஏற்றிவிட்டு, முதலாளியிடமும் போர்மேனிடமும் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சந்தோஷமாக ஃபோன். போர்மேன் இத்தனை நாளும் ஒவ்வொரு ஷெட்டாகப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம், இனி அந்த அலைச்சல் அவருக்கு இல்லை என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அதில் இருக்கிற ஓட்டை எனக்கு உறைத்தது. நடக்கிறவனே கழற்றுகிறவனாக இருந்தால்தான் அந்த மேக்ரோ காப்பாற்றும். இங்கே கழற்றுகிறவர் வேறு ஆள். பெட்டி ஒரு ஷெட்டைப் படித்து முடிப்பதற்குள் அவர் பாட்டுக்கு எல்லாச் சுவிட்சையும் அணைத்துக்கொண்டு போகிறார். குறித்துவைத்த கண்ணியும் சேர்ந்து கழன்றுவிட்டால் பழையபடி அதே கதிதான். அரைக்கிணறு தாண்டின கதை. இதைச் சொல்லலாம் என்று ஃபோனை எடுக்கும்போதே சிவகாசிப் பக்கம் வானம் கறுத்திருந்தது ஜன்னலில் தெரிந்தது.

பெட்டியின் லாக் ஃபைலை வீட்டிலிருந்தே பார்க்க வழி வைத்திருந்தோம். விசில் அடித்தால் ஆட்கள் வெளியேதான் இருப்பார்கள், முதலில் என் பயம் சரிதானா என்று பார்ப்போம் என்று அதைத் திறந்தேன். ஷெட்டுகள் ஒவ்வொன்றாக வரிசையிலிருந்து போயின. கடைசியில் மூன்று, மூன்று, மூன்று. மழை பெய்யவில்லை. மேகம் நகர்ந்தது. போர்மேன் சுவிட்சுகளைத் திரும்பப் போட்டது தெரிந்தது. மூன்றாம் ஷெட்டில் அன்றைய வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது, அதைத் திறக்கவில்லை. திரையில் மூன்று மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. மற்ற ஷெட்டுகளில் ஆட்கள் போய் உட்கார்ந்தாயிற்று. பார்க்க யாரும் இல்லை. பெட்டியும் பார்க்கவில்லை, பெட்டியை நம்பிப் போர்மேனும் பார்க்கவில்லை.

பெட்டியை அணைத்துப் போடும்படி இங்கிருந்தே கட்டளை கொடுத்துவிட்டுத்தான் பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டேன். ஆலை ஆபீஸில் இருந்தாள்.

"பொட்டி மறுபடி நின்னுருச்சும்மா. ரீஸ்டார்ட் குடுத்துட்டேன், கொஞ்ச நேரத்துல எந்திரிச்சிரும். ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அடுத்த மேகம் வந்தா திரும்ப நிக்கும்."

அடுத்த மேகம் மேற்கே நின்றுகொண்டிருந்தது, அவளுக்கும் அது தெரிந்திருக்கும். போய்ச் சொல் என்று நான் சொல்லவில்லை. அவள் சொல்லாவிட்டால் நானே முதலாளியைக் கூப்பிட்டிருப்பேன், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவள் வாயால் வருகிறதா என்று ஒரு மூச்சு காத்திருந்தேன். உங்களுக்கும் ஒருநாள் இந்த இடம் வரும். யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட முடியும், சொன்னால் வேலை போகும். அந்த இடத்தில் நிற்கும்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

"அம்மா அஞ்சாம் ஷெட்டுல இருக்கு மேடம்" என்றாள். பிறகு, "அம்மா இல்லாட்டியும் சொல்லணும்ல" என்றாள்.

ஃபோனைக் கையில் பிடித்தபடியே முதலாளி அறைக்குப் போனாள். எனக்கு எல்லாம் கேட்டது. காலையில் சரியாகிவிட்டது என்று சொன்ன வாயா இது என்று கேட்டார். சீசன் நேரத்தில் ஆளை வெளியே எடுத்தால் லோடு யார் ஏற்றுவது என்று கேட்டார். அவள் கண்ணி, முகவரி என்று ஆரம்பித்துத் தடுமாறினாள். பிறகு நிறுத்திவிட்டு வேறு மாதிரிச் சொன்னாள்.

"நம்ம வேன் டிரைவருக்கு ரூட்டு தெரியாதுன்னு வச்சுக்கோங்க மொதலாளி. ஏறுற ஆளுதான் அடுத்த வீட்டைச் சொல்லணும். ஒரு வீட்டுல அடுத்த வீடு எதுன்னு கேட்டா எங்க வீடுதான்னு சொல்றாக. வேன் அங்கனயே நிக்கிது. மத்தவுக எல்லாம் ரோட்டுல நிக்காக."

அவருடைய நாற்காலி நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே விசில் சத்தம் கேட்டது.

மேற்கே நின்ற மேகமும் வந்தது. அன்றைக்கு ஷெட்டுகளைத் திரும்பத் திறக்கவே இல்லை. எந்த ஷெட்டும் சூடாகவில்லை, எங்கும் தீப்பிடிக்கவில்லை. நீங்கள் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும்: இந்தத் தொழிலில் சரியான முடிவு எடுத்தால் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. நடக்காத ஒன்றுக்காக யாரும் மாலை போட மாட்டார்கள். அந்தப் பெண்களுக்கு எத்தனை அடைத்தார்களோ அதற்குத்தான் கூலி. தீபாவளிக்கு முன்னால் அரைநாள் போனது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. சாயங்காலம் ஆலை வேனில் பாண்டீஸ்வரி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அம்மா முன்சீட்டில் இருந்தாராம், ஊர் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டிலும் பேச்சு இல்லை.

"எல்லாரும் அம்மாவைத்தான் கேட்டாக மேடம், ஒம் மக என்னத்தப் படிச்சான்னு" என்று மறுநாள் ஃபோனில் அழுதாள். அழட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகிற சத்தமாவது என் மாடி அறையில் கேட்டதே என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்கு என் மேல் எனக்கே கோபம் வந்தது.

போர்மேன் அவளுக்காக முதலாளியிடம் ஏதோ பேசியிருக்கிறார். இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம் என்று முதலாளி முனகினார். வைத்தியம் பெரிசாக ஒன்றும் இல்லை. லிஸ்டுக்கு மியூடெக்ஸ் என்கிற ஒரு பூட்டைப் போட்டோம். பெட்டி ஒரு சுற்று நடந்து முடிக்கும்வரை வரிசையில் யாரும் கை வைக்க முடியாது. சுவிட்சை அணைத்தால் அந்தச் சுற்று முடிந்த பிறகுதான் கண்ணி கழலும். போர்மேன் காத்திருக்க வேண்டியிருக்குமே என்று தயங்கினாள். காத்திருப்பது கண்ணிதான், ஆட்கள் அதற்குள் வெளியே வந்திருப்பார்கள் என்றேன். யார் நடக்கிறார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள், அதே நேரத்தில் வேறு யார் கை வைக்கிறார்கள் என்று பாருங்கள். சோதனை செய்யும்போதும் உங்களுக்கு வசதியானபடி செய்யாதீர்கள், அந்த ஆள் எப்படிச் செய்வாரோ அப்படிச் செய்யுங்கள். பாண்டீஸ்வரி கம்பெனி மேஜையில் சுவிட்சுகளை வரிசையாக மாட்டிக்கொண்டு, போர்மேன் அணைப்பதுபோலவே பகல் முழுக்கப் படபடவென்று அணைத்துப் போட்டாள். நான் இங்கே எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. நின்றிருந்தால் நானே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டியை மறுபடி ஆலையில் மாட்டிய பிறகு முதல் மேகம் கூடிய அன்று அவள் என்னைக் கூப்பிட்டாள். விசில் அடித்து, ஷெட்டுகளைப் பூட்டி, சுவிட்சுகளை அணைத்தாயிற்று. கூடவே இருங்கள் மேடம் என்றாள். வானம் வெளுக்கும்வரை இரண்டு பேரும் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தோம். வெளுத்ததும் போர்மேன் சாவிகளோடும் அவருக்குப் பின்னால் பெண்களோடும் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். சுவிட்சுகளைப் போட்டார். வழக்கம்போல ஷெட்டுகளைத் திறக்கப் போகவில்லை, நின்றார்.

"ஏ தாயி, பாக்குதா?" என்று கேட்டார்.

பாண்டீஸ்வரி எண்களைப் பார்த்தாள். திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லா ஷெட்டும் வந்தன. அவள் இன்னொரு சுற்று பார்த்தாள். இங்கே நானும் பார்த்தேன். பெண்கள் கூட்டத்தில் யாரோ, போன தடவையும் இப்படித்தானே சொன்னாள் என்று முணுமுணுத்தார்கள். "பாக்குதுண்ணே" என்றாள் பாண்டீஸ்வரி. யாரும் நகர்ந்ததாகத் தெரியவில்லை. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நான் அதுவரை கேட்டிராத குரல். அவள் அம்மாவுடையது என்று, பாண்டீஸ்வரி மூச்சை இழுத்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்றவதான அவ. வாங்க, போவோம்."

காலடிகள் ஷெட்டுப் பக்கம் போயின. பாண்டீஸ்வரி ஃபோனை வைக்க மறந்துவிட்டாள். நானும் வைக்கவில்லை.